இந்த வெயிலில் பப்ஸ் மாவு மடிப்பது எப்படி?

பேக்கரி வேலை தெரிந்த அண்ணாச்சிமார், அக்காமார் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். பப்ஸ் மாவை வீட்டிலேயே, அதுவும் நல்ல வெண்ணெயில்தான் செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. மார்கரின் சீக்கிரம் உருகாது, மடிக்க வசதிதான், ஆனால் சாப்பிட்ட பின் அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, அம்மாவுக்கு அது பிடிப்பதே இல்லை.

கால் கிலோ மைதாவை ஐஸ் தண்ணீரில் பிசைந்து, 200 கிராம் வெண்ணெயை உள்ளே வைத்து மூடி, தேய்த்துத் தேய்த்து மடிக்கிறேன். முதல் இரண்டு மடிப்பு அழகாக வருகிறது. மூன்றாவதில் கட்டையை உருட்டும்போதே ஓரத்தில் வெண்ணெய் மஞ்சளாகப் பிதுங்கி, மாவு மேடையில் ஒட்டி இழுக்கிறது. சரி என்று ஃபிரிட்ஜில் கூடுதல் நேரம் வைத்தால், வெண்ணெய் கல்லாகி உள்ளே துண்டு துண்டாக உடைகிறது. அது தனி அடுக்காக நின்றால்தானே ஓவனில் ஈரம் ஆவியாகி மாவைத் தூக்கும்? மூன்றாக மடிப்பதை ஆறு தடவை முடித்தால் 729 வெண்ணெய் அடுக்கு வரும், எனக்குப் பாதி வழியிலேயே எல்லாம் கலந்துவிடுகிறது.

ஒவ்வொரு மடிப்புக்கும் எவ்வளவு நேரம் குளிர விடுகிறீர்கள்? வெண்ணெயோடு ஒரு கரண்டி மைதா பிசைந்து வைத்தால் நிற்குமா? கிரானைட் மேடைமேல் ஐஸ் தட்டு வைத்துக் குளிர வைத்தவர்கள் உண்டா? குற்றாலத்தில் சாரல் தொடங்கட்டும், அப்புறம் செய் என்கிறார் மதினி. எனக்கு இந்த மாதமே வேண்டும், அம்மாவின் பிறந்தநாள் வருகிறது.