தொப்பூர் இறக்கத்தில் மழை: உங்கள் அனுபவம் என்ன?

மேட்டூரான்:
தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது இருட்டிவிட்டது, ஐப்பசி மழை வேறு. தொப்பூர் இறக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். முன்னால் போன லாரி நியூட்ரலில் இறங்குவதுபோல் பட்டது. திடீரென்று அதன் பின்விளக்குகள் இரண்டும் எங்கள் தடத்துக்குள் நகர்ந்தன. பிரேக் சத்தமே இல்லை. வண்டியின் பின்பகுதி மட்டும் வழுக்கி வந்து, அப்புறம் நேரானது. அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்து கண்ணில் பட்டது வேகப் பலகை. வெயில் நாளில் இருக்கும் அதே எண்! மழைக்கு அதைக் குறைத்துக் காட்டக் கூடாதா?

அஸ்தம்பட்டி வாசி:
எண்ணைக் குறைத்தால் லாரிக்காரர் கேட்டுவிடுவாரா? ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு எச்சரிக்கை உண்டு. ஆனாலும் மூடுபனியில் ஒரு கார் எங்கள் பக்கமே ஏறி வந்தது. பலகையால் பயனில்லை, அபராதம் வேண்டும்.

ஓமலூர் தம்பி:
அஸ்தம்பட்டி அண்ணா, கேட்கிறார்கள். பிரான்சில் விரைவுச் சாலையில் மணிக்கு 130 கி.மீ., மழை பெய்தால் 110. நம் உத்தரப் பிரதேசத்து யமுனா விரைவுச் சாலையிலும் பனிக்காலத்தில் கார்களுக்கு 100ஐ 75 ஆக்குகிறார்கள். சில நாடுகளில் மழையையும் பார்வைத் தூரத்தையும் சென்சார் அளந்து சொல்ல, மின்பலகையில் எண் மாறுகிறது. எல்லோரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனால் பின்னால் வந்து இடிப்பது குறையும். ஓமலூர் பக்கம் என் பைக் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதந்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைக் கேளுங்கள்: ஈரச் சாலையில் வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரமாவது வேண்டும். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்றிவிடுங்கள். அப்படி டயர் மிதந்து ஸ்டியரிங் லேசாகிவிட்டால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மெல்ல விடுங்கள். வெகுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும், அன்று இன்னும் மெதுவாகப் போங்கள்.

சங்ககிரி டிரைவர்:
எல்லா லாரிக்காரரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசாதீர்கள் அண்ணா. முழு லோடோடு தொப்பூரில் சின்ன கியரில்தான் இறங்குவேன். போன மழையில் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்த கார், முந்திப் போய் என் முன்னாலேயே பிரேக் போட்டது. அந்த பம்பர் என் கண்ணாடிக்குக் கீழே மறைந்தே போனது. காருக்கும் அந்த நேரத்தில் குறைந்த வேகம்தான் என்று பலகை காட்டியிருந்தால், என்னை ஏன் விரட்டப் போகிறார்?