கலைச்சொல் வேண்டும்: ‘ஆன்செஸ்ட்ரி’ – வம்சாவளியா, பூர்வீகமா, வழியா?

அனைவருக்கும் வணக்கம்.

நார்ஃபோக் தீவைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு உட்பட்ட சின்னத் தீவு. பிரிஸ்பேனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,470 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. பரப்பு 35 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். 2016 கணக்கெடுப்பில் 1,748 பேர், 2021இல் 2,188 பேர். நம் ஊர் நர்சரிகளில் ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் மரம், அதற்குச் சொந்த ஊர் இதுதான்.

கட்டுரை நன்றாகத்தான் ஓடியது. அட்டவணையில் வந்து முட்டிக்கொண்டது. மக்கள்தொகை, ‘ஆன்செஸ்ட்ரி’, மொழி என்று மூன்று தலைப்புகள். நடுவில் இருப்பதற்கு முதலில் ‘இனம்’ என்று போட்டேன், மனம் ஒப்பவில்லை. ஆஸ்திரேலியப் படிவம் இனத்தைக் கேட்பதில்லை. உன் முன்னோர் யார் என்று நீயே சொல், இரண்டு வரை சொல்லலாம் என்கிறது. 1986இல் முதலில் இந்தக் கேள்வியை வைத்து, அடுத்த இரண்டு கணக்கெடுப்புகளில் விட்டுவிட்டு, 2001 முதல் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். இதற்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

* * *

தம்பிக்கு,

உங்கள் மடலுக்கு வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

//வம்சாவளி என்று நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?//

நல்ல சொல்தான். ஆனால் வம்சாவளி என்றதும் நம் காதில் விழுவது என்ன? அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஆண்வழியே ஏறும் ஒற்றைக் கோடு. நார்ஃபோக்கில் இந்தக் கோட்டைப் பிடித்து ஏறினால் தவறான இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

1789இல் ‘பவுண்டி’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் கலகம் நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். கலகக்காரர்களில் ஒன்பது பேர், பசிபிக் தீவுகளைச் சேர்ந்த பாலினேசிய ஆண்கள் ஆறு பேர், அவர்களோடு பாலினேசியப் பெண்கள் என்று ஒரு கூட்டம் 1790 தொடக்கத்தில் அதே கடலில் உள்ள பிட்கேர்ன் தீவில் போய் ஒளிந்துகொண்டது. அந்த ஆறு பாலினேசிய ஆண்களும் சில ஆண்டுகளுக்குள்ளேயே சண்டையில் வாரிசில்லாமல் மாண்டுபோனார்கள். 1808இல் ஓர் அமெரிக்கக் கப்பல் அங்கே ஒதுங்கியபோது கலகக்காரர்களில் உயிரோடு இருந்தது ஜான் ஆடம்ஸ் ஒருவர்தான். சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் 1856 ஜூன் 8ஆம் தேதி, 194 பேராக நார்ஃபோக்கில் வந்து இறங்கினார்கள். பிட்கேர்னில் இடம் போதவில்லை. கைதிகளை வைத்திருந்த நார்ஃபோக் அப்போதுதான் காலியாகியிருந்தது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பிட்கேர்னில் பிறந்த அந்த முதல் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தந்தைவழி பிரிட்டிஷ், தாய்வழி பாலினேசியா. விதிவிலக்கே கிடையாது. தீவில் இன்றும் புழங்கும் பழைய குடும்பப் பெயர்கள் கிறிஸ்டியன், குவின்டால், ஆடம்ஸ், மெக்காய், யங். 1820களில் பிட்கேர்னுக்கு வந்து சேர்ந்த மூன்று பேரால் பஃபெட், எவன்ஸ், நாப்ஸ் என்பவையும் சேர்ந்தன. எட்டும் ஆண்கள் கொண்டுவந்த பெயர்கள். மௌவாதுவா, தெரௌரா போன்ற பெண்களின் பெயர் ஒன்றுகூடக் குடும்பப் பெயராக நிற்கவில்லை. ஆனால் அடுக்களைக்குப் போனால் கதையே வேறு. வாழைக்காயையோ வள்ளிக்கிழங்கையோ துருவிச் சுடும் ‘பில்ஹி’, பாறையில் பொறுக்கும் ‘ஹிஹி’ என்னும் சின்னக் கடல்நத்தை, இவையெல்லாம் அந்தப் பெண்கள் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். ‘வம்சாவளி’ என்று தலைப்புப் போட்டால் அந்தத் தாய்மார்கள் அத்தனை பேரும் அட்டவணைக்கு வெளியே நிற்பார்கள்.

//பூர்வீகம் போடலாமே? ‘உங்க பூர்வீகம் எது?’ என்று நாமே கேட்கிறோம்.//

கேட்கிறோம், ஊரைத்தான் கேட்கிறோம். ‘பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம்’ என்பதுதான் பதில். இன்னொரு சிக்கலும் உண்டு: பூர்வீகத்துக்குப் பக்கத்திலேயே பூர்வகுடி நிற்கிறது. பிட்கேர்ன் வழி வந்தவர்கள் தீவின் பூர்வகுடிகளா இல்லையா என்பது அங்கே நெருப்பான வழக்கு. 1774இல் ஆங்கிலேய மாலுமி குக் வந்தபோது தீவில் ஆளில்லை. அதற்குப் பல நூற்றாண்டு முன்னால் பாலினேசியர் குடியிருந்த தடயம் எமிலி விரிகுடாவில் கிடைத்திருக்கிறது. தீவுக்கென்று இருந்த சட்டமன்றத்தை 2015இல் ஆஸ்திரேலியா கலைத்த பிறகு இந்த வழக்கு இன்னும் சூடேறியது. ஓர் அட்டவணைத் தலைப்பால் நாம் அதில் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

//பேரகராதியில் கால்வழி என்ற சொல் இருக்கிறது.//

இருக்கிறது, எனக்கும் பிடித்த சொல். ஆனால் இன்றைய வாசகர் ஒற்றையடிப் பாதை என்று நினைப்பார். கொடிவழியும் அழகுதான், ஆனால் அது முழு மரத்தையும் வரைந்து காட்டுவது. கணக்கெடுப்பில் யாரும் மரம் வரையச் சொல்லவில்லை.

என் முன்மொழிவு: முன்னோர்வழி. சுருக்கி ‘வழி’ என்றே ஆளலாம். தாய்வழிப் பாட்டி, தந்தைவழிச் சொத்து என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல். பிட்கேர்ன் வழி, ஆங்கிலேய வழி, ஸ்காட்லாந்து வழி. ஒருவருக்கு இரண்டு வழி இருந்தாலும் சொல் இடறாது. வம்சம் ஒன்றுதான் இருக்க முடியும். வழி எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம்.

இது ரத்தக் கணக்கு அல்ல என்பதும் இதில் தெரிகிறது. ஒரு பழைய நார்ஃபோக் குடும்பத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குள் இங்கிலாந்து இருக்கும், அந்தப் பெண்கள் வழியாகத் தாஹித்தி இருக்கும், மெக்காய் வழியாக ஸ்காட்லாந்து இருக்கும். எட்வர்ட் யங் கரீபியன் கடலின் செயின்ட் கிட்ஸ் தீவில் பிறந்தவர், ஆக அதுவும் இருக்கலாம். படிவத்தில் இடம் இரண்டுக்குத்தான். அவர் இத்தனையையும் தள்ளிவிட்டுப் ‘பிட்கேர்ன்’ என்று ஒரே சொல்லை எழுதுகிறார். தான் எந்த வழி என்று அவரே தேர்ந்துகொள்கிறார்.

இன்னொன்று, இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் உலகத் தரவு நூல் 2016இன் இந்த எண்களை எடுத்து ‘இனக்குழுக்கள்’ என்ற தலைப்பில் போட்டிருந்தது: ஆஸ்திரேலியர் 22.8%, ஆங்கிலேயர் 22.4%, பிட்கேர்ன் தீவினர் 20%, பிறகு ஸ்காட்லாந்து 6%, அயர்லாந்து 5.2%. பக்கத்திலேயே மொழி: பிட்கேர்ன் வழி வந்தவர்களின் மொழியான நார்ஃபக் பேசுவோர் ஏறத்தாழ 40%. படிப்பவர் என்ன நினைப்பார்? பிட்கேர்ன்காரர் 20, அவர்கள் மொழி பேசுவோர் 40, அப்படியானால் பாதிப் பேர் வேற்றாள் என்றுதானே? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மொழிக்கான விழுக்காடு ஆட்களில் பங்கு. வழிக்கான விழுக்காடு பதில்களில் பங்கு. 100 பேர் சேர்ந்து 140 பதில் எழுதியிருந்தால், 28 பேர் எழுதிய ‘பிட்கேர்ன்’ 20% என்றுதான் தெரியும். வேறு வழியைச் சேர்ந்த வாழ்க்கைத்துணைகள் வீட்டில் நார்ஃபக் பேசுவதும் உண்மைதான், ஆனால் இடைவெளி முழுவதும் அதனால் வந்தது அல்ல. ஆகவே அட்டவணைக்கு அடியில் ‘பதில் பங்கு’, ‘ஆள் பங்கு’ என்று குறிக்க மறக்காதீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மொழிக்கு ‘தாய்மொழி’ வேண்டாம், ‘வீட்டுமொழி’ என்று போடுங்கள். கேள்வி அதுதான்.

அன்புடன்.

* * *

வணக்கம் அண்ணை.

வம்சாவளி வேண்டாம் என்று சொன்னதற்கு என்னுடைய ஓட்டும் உண்டு, ஆனால் காரணம் வேறு. எங்கட நாட்டில் இந்தச் சொல் ஏற்கெனவே ஒரு முத்திரை. 1911 கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழரையும் இந்தியத் தமிழரையும் பிரித்து எண்ணத் தொடங்கினார்கள். அதிலிருந்து தோட்டத்துச் சனம் ‘இந்திய வம்சாவளியினர்’. என்னுடைய அம்மம்மா பதுளையில் பிறந்து பதுளையிலேயே கண்மூடினவ. இந்தியாவை ஒருநாளும் கண்டதில்லை, ஆனால் தாளில் சாகும்வரை இந்தியா. அதை அவவிடம் யாரும் கேட்டு எழுதவில்லை. நீங்கள் சொல்லும் ‘வழி’ ஆள் தானே சொல்வது. அந்த வித்தியாசம் பெரிது.

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற கோகோஸ் தீவுகளையும் ஒருக்கால் பாருங்கோ. அதுவும் ஆஸ்திரேலியாவின் கையில், 2021இல் 593 பேர். 1955க்கு முதல் இலங்கையோடும் சிங்கப்பூரோடும் மாறி மாறிக் கட்டப்பட்டிருந்தது. 1942 மே மாதம் இலங்கைப் பீரங்கிப் படையினர் அங்கே கலகம் செய்து மூன்று பேர் தூக்குக்குப் போனதும் அந்தத் தொடர்பில்தான். அங்கத்தைய பெரும்பான்மைச் சனம் 1826, 1827 காலத்தில் பிரிட்டிஷ் வணிகர்கள் அலெக்சாண்டர் ஹேரும் குளூனிஸ் ராஸும் பல தீவுகளில் இருந்து கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள். ஜாவா, பாலி, போர்னியோ, எல்லாம் கலந்தது. இண்டைக்கு அவர்களைக் கோகோஸ் மலாய்க்காரர் என்றுதான் சொல்கிறார்கள். பூர்வீகம் என்று கேட்டால் எந்தத் தீவைச் சொல்லுவினம்? ‘மலாய் வழி’ என்றால் பிரச்சினை இல்லை.

ஒரு சந்தேகம்: ‘வழி’ தனியே நின்றால் பாதை என்றும் வரும்தானே?

* * *

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி.

அக்கா கேட்ட சந்தேகத்துக்கு: தலைப்பில் ‘முன்னோர்வழி’ என்று முழுதாகவும், வரிசைகளில் ‘பிட்கேர்ன் வழி’ என்றும் போட்டுப் பார்த்தேன். தலைப்பு மேலே இருப்பதால் பாதை என்று யாரும் படிக்கவில்லை. வீட்டில் அப்பாவிடமும் காட்டினேன். தெரியாத தீவு, தெரியாத சொல், ஆனாலும் ‘ஓ, அம்மா வழியா அப்பா வழியா?’ என்றுதான் கேட்டார்.

தேடும்போது கிடைத்தவை இரண்டு. எட்டுக் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு ஊரில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் நார்ஃபோக்கின் தொலைபேசிப் புத்தகத்தில் பட்டப்பெயரைப் போட்டு ஆளைத் தேட வைத்திருக்கிறார்கள். எங்கள் கிராமத்தில் நான்கு முருகேசன்களை ஒட்டுத்திண்ணை, மாடிவீடு என்று பிரிப்பது நினைவுக்கு வந்தது.

மற்றது மொழியிலேயே இருக்கிறது. நார்ஃபக் மொழிக்கு 2004இல் தீவின் சட்டமன்றம் ஆங்கிலத்தோடு சம உரிமை கொடுத்தது. அதில் ‘அக்லன்’ என்று ஒரு சொல். நாங்கள் என்று பொருள், ஆனால் எல்லா நாங்களும் அல்ல. பிட்கேர்ன் வழி வந்த நாங்கள். நாம், நாங்கள் என்று நாம் கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்கிறோம். அவர்கள் முன்னோரையே பெயர்ச்சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். கட்டுரையின் முதல் பத்தியை மாற்றி இதிலிருந்து தொடங்கப்போகிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்த 22.8%, ‘ஆஸ்திரேலியர்’ என்று எழுதியவர்கள். முன்னோர் யார் என்று கேட்டால் நாட்டின் பெயரைச் சொல்கிறார்கள். ‘ஆஸ்திரேலிய வழி’ என்று எழுதினால் சரியா வருமா ஐயா?

* * *

வரும் தம்பி. அவர்கள் சொன்ன வழி அதுதான். நமக்கு இடிக்கிறதே என்று திருத்தாதீர்கள்.