வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பொது நடைபாதையில் 5 சென்டிமீட்டர் குறைகிறது: எதை அகற்ற வேண்டும்?

கேள்வி (ஒன்பதாம் மாடிவாசி):

வணக்கம். சிங்கப்பூரில் பழைய நான்கறை வீவக வீடு ஒன்றை மறுவிற்பனையில் வாங்கிக் குடியேறி இரண்டு மாதங்கள் ஆகின்றன. வாசலில் உள்ள பொருள்களை அகற்றும்படி நகர மன்றத்தின் அறிவிப்பு சென்ற வாரம் எங்கள் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் எந்தப் பொருள் என்று அதில் குறிப்பிடப்படவில்லை. நடைபாதையின் அகலம் 1.5 மீட்டர். அதில் 35 சென்டிமீட்டர் ஆழமுள்ள காலணி அலமாரி, இரண்டு துளசித் தொட்டிகள், மகனின் மிதிவண்டி ஆகியவை சுவரோரமாக நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரோ தம் மின்மிதிவண்டியின் மின்கலத்தை வாசலில் வைத்து, இரவு முழுவதும் மின்னேற்றுகிறார். எங்களுக்கு அடுத்த கடைசி வீட்டில் சக்கர நாற்காலியில் நடமாடும் பாட்டி ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டுமா? இன்னொரு சிக்கல்: முந்தைய உரிமையாளர் பொருத்தியிருந்த தீ எச்சரிக்கைக் கருவி நள்ளிரவில் அவ்வப்போது ஒருமுறை 'கீச்' என்று ஒலிக்கிறது. அதைக் கழற்றிவிடலாமா?

மறுமொழி 1 (இருபதாண்டு குடியிருப்பாளர்):

எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. தீயணைப்புப் பணியைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை எதிர்பார்ப்பது, தப்பிச் செல்லும் வழியாகப் பொது நடைபாதையில் குறைந்தது 1.2 மீட்டர் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதே. பொருளின் மிகவும் துருத்திக்கொண்டிருக்கும் முனையிலிருந்து எதிர்ச்சுவர் வரை அளந்து பாருங்கள். உங்கள் அலமாரி 35 சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டால் மிச்சம் 1.15 மீட்டர்தான், 5 சென்டிமீட்டர் குறைகிறது. மிதிவண்டியின் கைப்பிடி 60 சென்டிமீட்டர் அளவு இருந்தால், திருப்பி வைக்காதவரை மிச்சம் 90 சென்டிமீட்டர்தான். எனவே அறிவிப்புக்குக் காரணம் பெரும்பாலும் மிதிவண்டியாகவே இருக்கும். அதைக் கீழ்த்தளத்தில் உள்ள மிதிவண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டு, ஆழம் குறைந்த அலமாரியை வாங்கிக்கொள்ளுங்கள். துளசித் தொட்டிகளின் விட்டம் 30 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அளவு பொருந்தும், ஆனால் அவற்றை அலமாரிக்கு முன்னால் வைக்காமல், அதே வரிசையில் வையுங்கள். மாடிப்படியிலும் அதன் தளமேடையிலும், தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் செலுத்தும் குழாய் வாயின் முன்னாலும் எதையும் வைக்கக் கூடாது. அங்கே அளவுக் கணக்குச் செல்லுபடியாகாது. தூக்குப்படுக்கையுடன் வரும் மருத்துவ உதவியாளர்களும் அதே வழியில்தான் வர வேண்டும் என்பதால், அந்தப் பாட்டிக்காகவேனும் இன்னும் சற்று அதிக இடம் விடுவது நல்லது.

மறுமொழி 2 (மின்பணியாளர்):

நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் முதலில் சொல்கிறேன்: கருவியைக் கழற்றாதீர்கள். நீண்ட இடைவெளி விட்டு ஒருமுறை ஒலிப்பது பெரும்பாலும் மின்கலம் தீர்ந்துவருகிறது என்பதற்கான அடையாளம். புகையைக் கண்டால் அது தொடர்ந்து அலறும். மின்கலத்தை மாற்றி, சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளிலும், தீப் பாதுகாப்புப் பணிகள் நடைபெறும் பழைய வீடுகளிலும் இக்கருவி கட்டாயமாகும். உங்கள் பழைய வீட்டுக்கு அந்த விதி பொருந்தாமல் போகலாம். ஆயினும் இருப்பதைக் கழற்றுவது அறிவுடைமை ஆகாது. தாளிக்கும்போது அலறினால் சமையலறையை விட்டுத் தள்ளி, படுக்கையறைகளுக்குச் செல்லும் வழியில் பொருத்துங்கள். சிலர் அதன்மீது பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடுகிறார்கள். அது கருவியே இல்லாததற்குச் சமம்.

அலமாரியைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் மின்னேற்றும் மின்கலமே எனக்குப் பெரிய கவலை. லித்தியம் மின்கலம் தீப்பற்றினால் நிமிடங்களில் கடும் புகை எழும், வாசலில் அது நிகழ்ந்தால் அவருக்கும் உங்களுக்கும் வெளியேற வழியிருக்காது. இரவில் தூங்கும்போது மின்னேற்ற வேண்டாம், வெளியேறும் வழியில் மின்னேற்ற வேண்டாம் என்பதுதான் அதிகாரிகளின் அறிவுரை. அவர் வண்டியில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள். யுஎல் 2272 என்ற தீப் பாதுகாப்புத் தரம் மின்ஸ்கூட்டருக்கானது. பலர் அதை மின்மிதிவண்டிக்கும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. மிதிவண்டியைக் கீழே கொண்டுபோய்விட்டேன். 22 சென்டிமீட்டர் ஆழமுள்ள அலமாரி வந்ததும் மறுபடி அளந்தேன், 1.28 மீட்டர் இருக்கிறது. புது மின்கலம் போட்டதிலிருந்து கருவியும் அமைதியாக இருக்கிறது. கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரரோ தம் வண்டியில் முத்திரை இருக்கிறது, அதனால் இரவிலும் மின்னேற்றலாம் என்கிறார்.

மறுமொழி 1:

அகலைப் பீங்கான் தட்டில், அலமாரிக்கும் திரைச்சீலைக்கும் எட்டாத தொலைவில், நடப்பவர் புடவை உரசாத இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் போகும்போது அணைத்துவிடுங்கள். முத்திரை வண்டியின் ஒப்புதலைத்தான் காட்டுகிறது. தூங்கும்போது வாசலில் மின்னேற்ற அது அனுமதி தரவில்லை. அதை அவர் ஏற்காவிட்டால் நகர மன்றத்திடம் படத்துடன் தெரிவியுங்கள். புகையோ தீயோ கண்டால், உடனே 995ஐ அழையுங்கள்.