டியூஐ வழக்கும் எஸ்எஃப்-86 படிவமும்: தெரிந்தவர்கள் பகிர்ந்தவை

வர்ஜீனியாவாசி:
அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்கு) எஸ்எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவத்தை நிரப்புகிறவர்கள் அதிகம் சறுக்குவது, போலீஸ் பதிவுகளைக் கேட்கும் 22-ஆம் பகுதியில்தான். சாதாரணக் கைது, வழக்குக்குக் கடைசி 7 வருடக் கணக்குதான். மது, போதைப்பொருள் வழக்கென்றால் அந்த வரம்பு கிடையாது. எப்போது நடந்திருந்தாலும் எழுத வேண்டும். கல்லூரிக் காலத்து டியூஐ (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு) பிறகு 'ரெக்லெஸ் டிரைவிங்' (பொறுப்பின்றி ஓட்டியது) ஆகக் குறைந்திருக்கலாம், மாநில கோர்ட்டு பதிவையே அழித்திருக்கலாம். அப்போதும் எழுதத்தான் வேண்டும். அங்கே கேட்பது தண்டனை கிடைத்ததா என்று அல்ல, குற்றம் சாட்டினார்களா என்றுதான்.

காவிரிக்கரை:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. "வக்கீல்தான் சொல்ல வேண்டாம் என்றார்" என்று நிற்பவர்கள் ஏராளம். டியூஐ வழக்கை நடத்திய வக்கீல் போகிறபோக்கில் சொன்னது எடுபடாது. கிளியரன்ஸ் நடைமுறை குறித்தே ஆலோசனை தந்தவராக இருக்க வேண்டும். தவறு தெரிந்ததும் நீங்கள் முழுதாகச் சொல்லியிருக்கவும் வேண்டும்.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017-இல் நடப்புக்கு வந்த சீட்-4 (SEAD-4) விதிகளில் மதுவுக்கு 'ஜி' பிரிவு, நேர்மைக்கு 'ஈ' பிரிவு. பழைய ஒற்றை டியூஐ 'ஜி'-யில் பெரும்பாலும் தாண்டிவிடக்கூடியது. மறைத்தால் அதே சம்பவம் 'ஈ'-யில் புது வழக்காக உயிர்பெறும். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. விட்டுப்போனதை விசாரணை அதிகாரி ஆதாரத்தை எடுத்து வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தானாகச் சொன்னது உங்களுக்குச் சாதகம்; அவர் காகிதத்தை நீட்டிய பிறகு சொன்னால் அந்தச் சலுகை போய்விடும். "இரண்டே பீர்தான்" என்பதும் ஆபத்து. போலீஸ் அறிக்கையில் ரத்தத்தில் மது அளவு 0.16 சதவீதம் என்று இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே உடையும்.

படிவக்காரர்:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கிளியரன்ஸ் கையில் இருக்கும்போது கைதானால், தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். இப்போது தொடர் கண்காணிப்பு இருப்பதால் கைது விவரம் தானாகவே அவர்களுக்குப் போய்விடும்.

அரசுப் பணி செய்யும் தனியார் நிறுவன ஒப்பந்த ஊழியருக்குக் காரண அறிக்கை (கிளியரன்ஸை ஏன் மறுக்கப் பார்க்கிறோம் என்று சொல்லும் கடிதம்) வந்தால் பதில் தர 20 நாள்தான். கோர்ட்டின் இறுதி உத்தரவு, அபராதம் கட்டிய ரசீது, சிகிச்சை முடித்த சான்றிதழ் எல்லாம் முன்பே கையில் இருக்கட்டும். மருத்துவர் மதுப்பழக்க நோய் என்று எழுதி, குடியை அறவே நிறுத்தச் சொல்லியிருந்தால், "எப்போதாவது ஒரு கிளாஸ்" என்ற பதிலே உங்களுக்கு எதிராகப் போகும். தானாக முன்வந்து சிகிச்சைக்குப் போனதைச் சொல்லத் தயங்கவே வேண்டாம். அது உங்கள் பக்கம் நிற்கும் ஆதாரம்.