அம்மாவின் 70ஆவது பிறந்தநாள் விருந்து: விலைப்பட்டியலைப் பார்த்ததும் தயிர்சாதம் கேட்கும் அம்மாவை எப்படி வயிறாரச் சாப்பிட வைப்பது?

நங்கநல்லூர் மகள்:

வணக்கம். தை மாதம் அம்மாவுக்கு 70 வயது நிறைகிறது. அப்பா இல்லாததால் சாந்தி, ஹோமம் எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நானும் அண்ணனும் சேர்ந்து நல்ல சைவ உணவகம் ஒன்றில் விருந்து வைக்க நினைக்கிறோம். குழந்தைகளையும் சேர்த்து 14 பேர். 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

முதல் சிக்கல், நாள். அம்மாவின் நட்சத்திரம் கார்த்திகை. தையில் வரும் கார்த்திகை என்றால் அது தைக் கிருத்திகை. காலையில் வடபழனி முருகனைப் பார்த்துவிட்டு வந்து அன்று முழுவதும் பால், பழத்தோடு இருப்பார். பிறந்தநாளன்று ஒவ்வோர் ஆண்டும் விரதம்தான். அடுத்தது, முழங்கால் தேய்மானம். படி ஏற முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு வழி தெரியாதது வேறொன்று. எந்த உணவகத்துக்குப் போனாலும் அம்மாவின் கண் முதலில் விலையின் மேல்தான் விழும். உடனே, "எனக்குப் பசியே இல்லை, ஒரு தயிர்சாதம் போதும்" என்பார். பிறகு பேரப்பிள்ளைகள் மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிடுவார். அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா, மாப்பிள்ளைக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். இந்த ஒரு நாளாவது அவர் தனக்காக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்த இடம், என்ன ஏற்பாடு? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்வாசி:

விரதத்தை மாற்றச் சொல்லாதீர்கள் அம்மா, அது அவருடைய மகிழ்ச்சி. கிருத்திகையன்று கோயிலுக்கு நீங்களும் கூடப் போய்வாருங்கள். விருந்தை அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

விலை பார்க்கும் சிக்கலுக்கு என் பதில் வாழையிலைச் சாப்பாடு. பட்டியலே கைக்கு வராது, தேர்ந்தெடுக்க வேண்டிய வேலையும் இல்லை. இலை போட்டதும் பரிமாறுகிறவர் தானாக வருவார், மறுபடியும் வருவார். ராதாகிருஷ்ணன் சாலை நியூ உட்லண்ட்ஸ், சேத்துப்பட்டு அன்னலட்சுமி இரண்டையும் கேட்டுப் பாருங்கள். அன்னலட்சுமியில் தன்னார்வலர்கள் பரிமாறுகிறார்கள், பெரியவர்களை அக்கறையாகக் கவனிப்பார்கள். முன்பணத்தை அண்ணன் முதல் நாளே கட்டிவிடட்டும். மேற்பார்வையாளரிடம், "முதல் இலை அம்மாவுக்கு" என்று சொல்லிவையுங்கள். மூத்தவருக்கு முதல் இலை போடுவது நம் பந்தி வழக்கம்தானே, அம்மாவால் மறுக்க முடியாது.

லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் பாதைகள் அடிக்கடி மாறுகின்றன. நங்கநல்லூரிலிருந்து வருவதற்குக் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாற்று அண்ணன்:

70 வயது என்பது பெரிய நிறைவு. கொஞ்சம் பெரிதாகவே செய்யலாமே? டி.டி.கே. சாலையில் அடையார் கேட் ஹோட்டலுக்குள் இருக்கும் தக்ஷிண் எங்கள் குடும்பத்துக்கு மிகவும் பிடித்த இடம்.

மயிலாப்பூர்வாசி:

அந்த ஹோட்டலை 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள் ஐயா. தாஜ் கோரமண்டலின் சதர்ன் ஸ்பைஸ் இருக்கிறது, ஆனால் இவர்களுடைய தொகையை 14 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. நட்சத்திர விடுதிக்கு அது போதாது. வரியையும் மறக்கக்கூடாது. சாதாரண உணவகத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம்.

எங்கே போனாலும் ரசீதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கேட்காமலே சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நீக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அம்மாவின் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்பதற்காகவே இதை முன்பதிவின்போதே பேசிவிடுங்கள்.

கோடம்பாக்கம் மருமகள்:

வீட்டுக்கே சமையல்காரரை வரவழைத்தால் என்ன? படியும் இல்லை, போக்குவரத்தும் இல்லை.

நங்கநல்லூர் மகள்:

அதையும் யோசித்தோம் அக்கா. வீட்டில் வைத்தால் அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரமாட்டார். சமையல்காரருக்கே காப்பி போட்டுக் கொடுப்பார். பாத்திரம் கழுவவும் அவர்தான் நிற்பார். அதனால்தான் வெளியே.

ஓய்வுபெற்ற செவிலியர்:

சர்க்கரை மாத்திரையில் கவனமாக இருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பவர் என்றால், வீட்டில் போட்டுக்கொண்டு புறப்பட்டு, வழியில் நெரிசலில் சிக்கி, இடத்துக்காகவும் காத்திருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே பழச்சாறோ குளுக்கோஸோ கொடுக்க வேண்டும். சாப்பாடு கண் முன்னால் வந்தபின் மாத்திரை எடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளன்று இரண்டு கரண்டி பாயசம் சாப்பிடட்டும், சாதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். வெல்லப் பாயசம் என்றால் சர்க்கரை ஏறாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அதுவும் ஏற்றும்.

இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். "லிஃப்ட் இருக்கிறது" என்பார்கள், லிஃப்டுக்கு முன்னால் நான்கு படி இருக்கும். நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், முழங்கால் வலிக்காரர்கள் அதைப் பிடித்துத்தான் எழுவார்கள். சோபா வேண்டவே வேண்டாம். மேற்கத்தியக் கழிப்பறை அதே தளத்தில் இருக்கட்டும்.

குரோம்பேட்டை பாட்டி:

எனக்கு 73 வயது. என் பிள்ளைகளும் இப்படித்தான் என்னைப் பற்றிக் கூடிப் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். பிறர் சொன்னதெல்லாம் நல்ல யோசனைதான். ஆனால், உனக்கு என்ன சாப்பிட ஆசை என்று அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா மகளே?

நாங்கள் விலை பார்ப்பது கஞ்சத்தனம் இல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய கண் அது, எங்கே போனாலும் கணக்குப் போடும். அதை ஏமாற்றி விலையை மறைக்க வேண்டாம். "இவ்வளவு பணம் உனக்காக எடுத்து வைத்திருக்கிறோம், திரும்ப வைக்கப் போவதில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். என் மகன் சொன்ன அன்றுதான் எனக்கு மனம் இளகியது.

இன்னொன்று. இத்தனை ஆண்டுகள் மற்றவர்களுக்குச் சுட்டுப் போட்டவர்கள் நாங்கள். கல்லிலிருந்து எடுத்த தோசை நேராக எங்கள் தட்டுக்கு வந்ததில்லை. கடைசித் தோசையும் பேரனுக்குப் போய்விடும். பெரிய விருந்தைவிட அதற்குத்தான் நான் ஆசைப்படுவேன். உங்கள் அம்மாவுக்கு வேறு ஆசை இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நங்கநல்லூர் மகள்:

பாட்டி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்று இரவு கேட்டேன். முதலில் வழக்கம்போல, "உங்களுக்குப் பிடித்ததே எனக்கும்" என்றார். பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னபடியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரவா தோசை. ஓரமெல்லாம் முறுகலாக, நல்ல சூடாக. கூட டிகிரி காப்பி" என்றார். அம்மாவுக்கு ரவா தோசை பிடிக்கும் என்பதே இதுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் அதைச் செய்ததில்லை, எங்கள் இருவருக்கும் பிடிக்காது என்பதால்.

அண்ணனுக்கு மனமில்லை. "70 வயது நிறைவுக்குத் தோசையா? உறவினர்கள் என்ன நினைப்பார்கள்?" என்கிறார்.

மயிலாப்பூர்வாசி:

உறவினர்கள் இனிப்பும் வடையும் சேர்த்து நிறைவாகவே சாப்பிடுவார்கள், அண்ணனிடம் சொல்லுங்கள். இலைச்சாப்பாட்டு யோசனையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்மா கேட்டதுதான் விருந்து.

ஆனால் ரவா தோசைக்கு நேரம் முக்கியம். அது தேய்க்கிற மாவு இல்லை. நீர்க்கக் கரைத்து வீசி ஊற்றி, ஓட்டை ஓட்டையாக விழுந்தபின் மெல்லிய தீயில் காய விட வேண்டும். கூட்ட நேரத்தில் அவசரமாக எடுத்துவிடுவார்கள், நடுவில் வழவழவென்று இருக்கும். பல உணவகங்களில் மதியம் அதைப் போடவே மாட்டார்கள். மதியக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் சேருவதற்கு முன் நாலு மணி சரியான நேரம். அப்போது சத்தமும் குறைவு, அம்மா பேசுவது எல்லோருக்கும் கேட்கும்.

சமையலறைக் கதவுக்கு அருகில் அம்மாவை உட்கார வையுங்கள். 14 தோசையும் ஒன்றாகக் கேட்டால் எல்லாம் சேர்ந்துதான் வரும், முதலில் போட்டது நமத்துப்போயிருக்கும். மற்றவர்களுக்கு இட்லி, வடை, பொங்கல் வரட்டும். அம்மாவின் தோசை மட்டும் தனியாக, கல்லிலிருந்து நேரே. முடித்ததும் அடுத்தது ஊற்றச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்:

மதியம் லேசாக ஏதாவது கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வரட்டும். நாலு மணிவரை வெறும் வயிறு கூடாது.

நங்கநல்லூர் மகள்:

முடிவு செய்துவிட்டோம். கிருத்திகைக்கு அடுத்த ஞாயிறு, மாலை நாலு மணி. தரைத்தளத்திலேயே கூடமும் கழிப்பறையும் உள்ள உணவகம் ஒன்றை இன்று நேரில் பார்த்துவிட்டு வந்தேன். கை வைத்த நாற்காலி ஒன்றை அலுவலக அறையிலிருந்து எடுத்துப் போடுவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். சேவைக் கட்டணம் கிடையாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிவிட்டேன். அண்ணனும் ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, அம்மாவின் தட்டை அவர்தான் சமையலறையிலிருந்து எடுத்து வருவாராம். மீதமாகும் பணத்தை என்ன செய்வது என்று அம்மாவிடமே கேட்கப் போகிறோம்.