ஆண்டுச் சந்திப்புக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்: எங்கிருந்து சரிசெய்வது?

கடைசிப்பெஞ்சு:

வணக்கம். சிறிய ஊர்ப் பள்ளி. வகுப்புக்கு ஒரே பிரிவுதான், ஆண்டுக்கு அறுபது பேருக்குள் படித்து முடிப்பார்கள். முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கி 6 ஆண்டு ஆகிறது. முதல் சந்திப்புக்கு 230 பேர் வந்தார்கள். அது படிப்படியாகக் குறைந்து போன முறை 95. பட்டியலில் 1,140 பெயர்கள் இருக்கின்றன, அவற்றில் ஏறக்குறைய 400 பேரின் எண்கள் வேலை செய்யவில்லை. அழைப்பு போவது ஒரே வாட்ஸாப் குழு வழியாகத்தான். போன முறை 150 பேர் வருவதாகச் சொன்னார்கள், சாப்பாடும் 150 பேருக்கே சொல்லப்பட்டது. அடுத்த சந்திப்புக்கு நான்கு மாதம் இருக்கிறது. பட்டியலா, தலைக்கணக்கா, அன்றைய நிகழ்ச்சியா, எதை முதலில் சரிசெய்வது? செய்முறையாகச் சொன்னால் நிர்வாகக் குழுவில் அப்படியே வைத்துவிடலாம்.

பேரேடு:

முதலில் பட்டியல். குழுவில் போடும் செய்தியை அழைப்பு என்று நினைக்காதீர்கள், அது அறிவிப்பு மட்டுமே. பெயர் சொல்லி ஒருவர் பேசினால்தான் மனிதர் கிளம்புவார்.

பேட்ச் ஒன்றுக்கு இரண்டு பொறுப்பாளர்கள் வேண்டும். ஒருவர் ஊரிலேயே இருப்பவர், மற்றவர் வெளியூர்க்காரர். ஊரில் இருப்பவருக்கு வீடும் உறவும் தெரியும், வெளியூர்க்காரருக்கு வேலைக்குப் போனவர்களின் தொடர்பு இருக்கும். ஒருவருக்கு முப்பது பெயருக்கு மேல் கொடுக்க வேண்டாம். மாலைக்குப் பத்துப் பேரிடம் பேசினாலும் மூன்று நாளில் முடியும் வேலை அது. அறுபது பெயரையும் ஒருவர் தலையில் கட்டினால் முதல் இருபதோடு நின்றுவிடும். அவர் சோம்பேறி என்பதால் அல்ல. பள்ளியில் நெருங்கிப் பழகியவர்கள் அத்தனை பேர்தான் இருப்பார்கள், மீதிப் பேரிடம் பேசக் கூச்சமாக இருக்கும்.

பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி. சேர்க்கை எண், பள்ளியில் இருந்த பெயர், இப்போதைய பெயர், தலைப்பெழுத்து தனிக் கட்டத்தில், வெளியேறிய ஆண்டு, தொலைபேசி, மாற்றுத் தொடர்பு, நிலை, கடைசியாகச் சரிபார்த்த தேதி. தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்து எழுதினால் அகரவரிசை முழுக்கக் கலைந்துபோகும். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் சேர்க்கை எண் ஒன்றுதான் பிரித்துக் காட்டும். தலைமையாசிரியரின் அனுமதியோடு பதிவேட்டிலிருந்து பெயரையும் எண்ணையும் மட்டும் கையால் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படம் எடுக்க வேண்டாம், அதில் பிறந்த தேதி, பெற்றோர் விவரம் எல்லாம் இருக்கும்.

எக்செல்லில் தொலைபேசிக் கட்டத்தை முன்கூட்டியே ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் காணாமல் போகும். உங்கள் 400 எண்களில் ஒரு பங்கு இப்படிக் கெட்டவையாகவே இருக்கலாம். வெளிநாட்டு எண்களை முதலில் பாருங்கள்.

‘எந்த பேட்ச்?’ என்று கேட்காதீர்கள். சிலர் சேர்ந்த ஆண்டைச் சொல்வார்கள், சிலர் முடித்த ஆண்டை. இடையில் வேறு பள்ளிக்குப் போனவர் எதைச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிடுவார். ‘எட்டாம் வகுப்பு எந்த ஆண்டு படித்தீர்கள்?’ என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே விடை கிடைக்கும். பாதியில் போனவர்களையும் அதே பேட்ச்சில் சேருங்கள். பள்ளிமேல் அவர்களுக்கும் அதே பாசம்தான், ஆனால் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

நிலைக் கட்டத்தில் நான்கே சொற்கள்: பேசியாயிற்று, எண் தவறு, அழைக்க வேண்டாம், காலமானார். கடைசி இரண்டையும் உடனுக்குடன் குறியுங்கள். காலமானவர் வீட்டுக்கு ஆண்டுதோறும் அழைப்பு போய்க்கொண்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்!

மீதித் தொடர்புகளைத் தேட வகுப்புப் புகைப்படம்தான் நல்ல வழி. 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தலைக்கு மேலும் ஓர் எண் எழுதி, அந்த பேட்ச் குழுவில் மட்டும் போடுங்கள். ‘17 யார்? 31 இப்போது எங்கே?’ என்று கேட்டால் பதில் வந்துகொண்டே இருக்கும். பெயர்ப்பட்டியலைப் போட்டுக் கேட்டால் இவ்வளவு வராது. முகம்தான் ஞாபகத்தைக் கிளறும்.

நாள்காட்டி:

பேரேடு சொல்வதில் ஒரு திருத்தம். பட்டியல் வேலைக்கு ஆறு வாரமாவது பிடிக்கும். அது முடியட்டும் என்று தேதியைத் தள்ளிவைத்தால் வெளியூர்க்காரர் விடுப்பு எடுக்க முடியாது. தேதியை இந்த வாரமே அறிவியுங்கள். ‘எப்போது?’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் பொறுப்பாளர்களைப் பேசச் சொன்னால் ஒவ்வொருவரையும் இரண்டு முறை அழைக்க வேண்டிவரும்.

ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுவதும் கூட்டம் குறைய ஒரு காரணம். ‘இன்ன மாதத்து இரண்டாம் சனி’ என்று ஒரு விதி வைத்து அதை விட்டு நகராதீர்கள். மூன்றாம் ஆண்டில் ஆட்கள் கேட்காமலே அந்த நாளை ஒதுக்கி வைப்பார்கள். தேர்வுக் காலம் மட்டும் வேண்டாம். பள்ளியிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்: எந்தெந்த அறைகள், மின்சாரம், கழிப்பறைச் சாவி, மறுநாள் சுத்தம் யார் பொறுப்பு. இவ்வளவும் ஒரே தாளில்.

இன்னொன்று. எல்லா ஆண்டும் எல்லாரும் வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் சந்திப்புக்கு 230 பேர் வந்தது பல ஆண்டு ஏக்கம். அடுத்த ஆண்டே மறுபடி வரத் தனிக் காரணம் வேண்டும். முடித்து 10, 25, 40 ஆண்டு ஆன பேட்ச்களை அந்தந்த ஆண்டின் அழைப்பாளர்களாக ஆக்குங்கள். வரவேற்பு, மேடை, ஆசிரியர்களை அழைத்துவருவது எல்லாம் அவர்கள் கையில். மூன்று பேட்ச்சில் தலா 30 பேர் வந்தாலே 90. மற்ற பேட்ச்காரர்கள் அதற்கு மேல்.

தலைக்கணக்கு: 150 பேர் சொல்லி 95 பேர் வந்தது 63 சதவீதம். இந்த விகிதத்தை பேட்ச்வாரியாக எழுதி வையுங்கள், அடுத்த முறை ஊகிக்க வேண்டியிருக்காது. இலவசமாகப் பெயர் கொடுத்தவருக்கு வராமல் போனால் இழப்பு ஒன்றுமில்லை. சிறு முன்பணம் கட்டியவர் பெரும்பாலும் வந்துவிடுவார். ஐந்து நாள் முன்பு பொறுப்பாளர்கள் மறுபடி ஒருமுறை அழைக்கட்டும். பணம் கட்டி, அந்த அழைப்பிலும் ‘வருகிறேன்’ என்றவர்களின் எண்ணிக்கையோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்துச் சாப்பாடு சொல்லுங்கள். பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘குடும்பத்தோடு வருவீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று வரும் பதிலில் இரண்டு பேரும் இருக்கலாம், ஏழு பேரும் இருக்கலாம்.

கடைசிப்பெஞ்சு:

இருவருக்கும் நன்றி. தேதியை நாளையே முடிவு செய்கிறோம். முன்பணம்தான் தயக்கம். கையில் பணமில்லாதவர்கள் இதனாலேயே ஒதுங்கிவிட மாட்டார்களா?

கணக்குப்பிள்ளை:

ஒதுங்குவார்கள், ஆனால் நீங்கள் வாங்கப்போகும் தொகையால் அல்ல. மேடையில் நன்கொடையாளர் பெயரும் தொகையும் வாசிக்கும் பழக்கம் உங்கள் சங்கத்தில் இருந்தால் அதை இந்த ஆண்டே நிறுத்துங்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களைத் தொகைவாரியாக நிற்கவைத்தால், கீழ் வரிசையில் நிற்க வேண்டியவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். காரணமும் சொல்லமாட்டார். நன்கொடை விவரம் ஆண்டறிக்கையில் இருக்கட்டும், அது போதும்.

பங்குத்தொகையையும் நன்கொடையையும் ஒன்றாக வாங்காதீர்கள். பங்குத்தொகை அன்றைய செலவுக்கு, எல்லாருக்கும் ஒரே அளவு. கட்ட இயலாதவருக்குப் பொருளாளர் ஒருவர் மட்டும் அறிந்த சலுகை. அவர் பட்டியலில் ‘செலுத்தியது’ என்றே குறிப்பார், சலுகைத் தொகையைப் பொது நிதியிலிருந்து ஈடுகட்டுவார். தணிக்கையாளருக்கு எண்ணிக்கையும் மொத்தமும் காட்டினால் போதும். பேட்ஜின் நிறத்திலோ சாப்பாட்டுச் சீட்டிலோ எந்த வித்தியாசமும் தெரியக்கூடாது. இந்தச் சலுகையைப் பொறுப்பாளர் தொலைபேசியில் பேசும்போது தானாகவே சொல்லிவிட வேண்டும், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

தொகையை நிர்ணயிப்பதில்தான் பல சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. பந்தல், ஒலி, நாற்காலி, அச்சு எல்லாம் எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு. சாப்பாடும் பேட்ஜும் ஆளுக்கு ஆள் கூடும் செலவு. மாறாத செலவை 150-ஆல் வகுத்து வாங்கி 95 பேர் மட்டும் கட்டினால், அதில் 37 சதவீதம் திரும்பி வராது. அந்த ஓட்டை பொருளாளர் சட்டைப்பையில் வந்து விழும். குறைந்தபட்சம் எத்தனை பேர் வருவது உறுதியோ அந்த எண்ணால் வகுங்கள். மிஞ்சினால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துப் போகலாம்.

பணம் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்குக்கே வரவேண்டும், எடுக்க இரண்டு பேர் கையொப்பம். அவசரத்துக்கு யாருடைய சொந்தக் கணக்கிலாவது வாங்கிவிட்டால் அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் பேச்சு வரும். இணையவழி அனுப்புகிறவர்கள் குறிப்பில் பெயரையும் முடித்த ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யார் அனுப்பியது என்று தெரியாத வரவுகள் கடைசியில் குவிந்து கிடக்கும். ரசீது வரிசை எண்ணோடு. கிழிந்து கெட்ட ரசீதையும் ‘ரத்து’ என்று எழுதி புத்தகத்திலேயே விட்டுவையுங்கள். முப்பது நாளுக்குள் வரவுசெலவை எல்லா பேட்ச் குழுக்களிலும் போடுங்கள், வராதவர்களுக்கும் சேர்த்து.

ஒலிபெருக்கி:

அன்றைய நாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. 200 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரத்துக்குள் முக்கால்வாசிப் பேர் வாசலில் நிற்பார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஒரே மேசையில் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு மேசை வேண்டும். பணம் வாங்குவது தனி மேசையில், சற்றுத் தள்ளி. அங்கே சில்லறை, ரசீது என்று ஆளுக்கு மூன்று நிமிடம் போகும், அது வரிசையை அடைக்கக்கூடாது. மேசைகளை ஆண்டுவாரியாகப் பிரித்து, ஆண்டுப் பலகையைத் தலைக்கு மேல் இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். மேசை முகப்பில் ஒட்டினால் முதலில் நிற்பவர் மறைத்துவிடுவார்.

பேட்ஜில் பள்ளியின் பெயர் சின்னதாக இருந்தால் போதும், எல்லாரும் அங்கேதான் படித்தார்கள். ஆளின் பெயர் எழுத்தளவில் 40 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது, ஆண்டு அதைவிடப் பெரிதாக. இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கயிற்றில் தொங்குவது திரும்பிக்கொள்ளும், வெற்றுப் பக்கம்தான் தெரியும். பெயர் மாறியவர்களுக்குப் பள்ளிப் பெயரே முதலில். முன்பதிவு செய்யாமல் வருகிறவர்களுக்கு முப்பது வெற்று பேட்ஜும் தடித்த பேனாவும்.

மேடை மொத்தம் 45 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். பேச்சுக் கேட்க யாரும் வரவில்லை, பழைய வகுப்பறையில் போய் உட்காரத்தான் வருகிறார்கள். பேட்ச்சுக்கு ஓர் அறை ஒதுக்கி ஒன்றரை மணி நேரம் விட்டுவிடுங்கள். ஆசிரியர்கள் அறை அறையாகப் போகட்டும். நடக்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் தரைத்தளத்தில் கைப்பிடி நாற்காலி போட்டு, பேட்ச்கள் அவரிடம் வரட்டும். ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் நாள் முழுக்கத் துணை. ஆள் நெருங்கும்போதே பெயரையும் ஆண்டையும் ஆசிரியர் காதில் சொல்வது அவர் வேலை. ‘என்னைத் தெரிகிறதா சார்?’ என்று எண்பது வயதுக்காரரைச் சோதிப்பது பெரிய கொடுமை.

மைக் பிடிப்பவர் ஸ்பீக்கருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கம்பியில்லா மைக்கைக் கூட்டத்துக்குள் கொடுத்தனுப்பினால் ஸ்பீக்கர் முன்னால் போகும்போது கீச்சிடும். பெரிய ஒன்றை முன்னால் அலறவிடுவதைவிடச் சின்னவற்றை மண்டபத்தின் நடுப்பகுதி வரை பிரித்து வைத்தால் எதிரொலி குறையும். கம்பி மைக் ஒன்று கட்டாயம் கைவசம் இருக்கட்டும்.

குழுப்படத்தைச் சாப்பாட்டுக்கு முன் எடுங்கள். பின்னால் தள்ளினால் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். உச்சி வெயிலில் கண்களில் நிழல் விழும், கட்டட நிழலில் நிறுத்துங்கள். 200 பேரை 25 பேராக எட்டு வரிசை நிறுத்தினால் அகலம் 14 மீட்டர் வரும். முதல் மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் யார் முகமும் மறையாது. 6,000 புள்ளி (பிக்சல்) அகலமுள்ள படத்தில் ஒரு முகத்துக்கு அறுபது புள்ளிக்கு மேல் கிடைக்கும், ஆளை அடையாளம் தெரியும். அதையே வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பி 1,600 புள்ளிக்குச் சுருங்கிவிட்டால் முகத்துக்குப் பதினேழுதான், வெறும் மங்கல். ‘ஆவணம்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கடைசிப்பெஞ்சு:

வகுப்பறை யோசனையைக் குழுவில் வைக்கிறேன். பேரேடு ஐயாவிடம் ஒரு சந்தேகம்: மிகப் பழைய பேட்ச்களுக்கு வகுப்புப் படமே இல்லை. அவர்களை எப்படித் தேடுவது?

பேரேடு:

சேர்க்கைப் பதிவேட்டுப் பெயர்களோடு தொடங்குங்கள். அந்த பேட்ச்சில் இரண்டு பேர் கிடைத்தால் போதும், அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ‘தெரியவில்லை’ என்பவர்கள், சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் ஊரைச் சொல்ல மற்றவர் தம்பி பெயரைச் சொல்வார். தம்பி, தங்கை, அத்தை மகன் யாராவது பிந்தைய பேட்ச்சில் இருப்பார்கள். சிறிய பள்ளியில் அந்த வழி சீக்கிரம் கிடைத்துவிடும். கையெழுத்து நோட்டு, விளையாட்டுச் சான்றிதழ், ஆண்டுவிழா அழைப்பிதழ் யாரிடமாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒலிபெருக்கி சொன்ன வகுப்பறையில் இன்னொரு வேலையும் நடக்கும். ஒவ்வொரு அறைச் சுவரிலும் அந்த பேட்ச்சின் பட்டியலைப் பெரிய எழுத்தில் ஒட்டி, நூலில் பென்சில் கட்டிவிடுங்கள். தொலைபேசி எண்ணைச் சுவரில் போடாதீர்கள். பெயரும் நிலையும் மட்டும் இருக்கட்டும், எதிரே எழுத வெற்றிடம் விடுங்கள். புதுத் தொடர்பு தெரிந்தவர் தன் பெயரை எழுதினால் பொறுப்பாளர் பிறகு கேட்டுக்கொள்வார். அன்று மாலையே தாள்களைக் கழற்றி ஒரே உறையில் போட்டு, பட்டியல் வைத்திருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் அறையைக் கூட்டும்போது குப்பையோடு போய்விடக்கூடாது.