மூன்று பின்னுக்கு மேல் ஒரு துண்டு டேப்: டெலிகன்வெர்ட்டர், அடாப்டர் அனுபவங்கள்

செங்கல்பட்டிலிருந்து:

வேடந்தாங்கல் கரையில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், நமக்கு வேண்டிய பறவை எப்போதும் இன்னும் நாலு மரம் தள்ளித்தான் உட்கார்ந்திருக்கும். என்னிடம் இருப்பது கேனான் 7டி கேமராவும் பழைய 400 எம்எம் எஃப் 5.6 லென்ஸும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரில் 1.4 மடங்கு ஒன்றைப் போட்டால் 560 எம்எம் கிடைக்கும். ஆனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய் எஃப் 8 ஆகிவிடும். அந்த அளவில் 7டி ஆட்டோஃபோகஸே செய்யாது.

பலரும் சொல்லும் டேப் வேலையை நானும் செய்தேன். கன்வெர்ட்டரை ஏற்கும் லென்ஸ்களில் கேமராவோடு தொடர்பு கொள்ளும் வழக்கமான உலோகப் பின்களோடு மூன்று பின்கள் கூடுதலாக இருக்கும். நடுவில் கன்வெர்ட்டர் இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரிவது அவற்றின் வழியாகத்தான். அந்த மூன்றை மட்டும் மூடிவிட்டால், மாட்டியிருப்பது வெறும் 400 எஃப் 5.6 என்று நம்பி அது ஃபோகஸ் செய்யப் பார்க்கும். செல்லோ டேப்பை பிளேடால் பட்டையாக நறுக்கி, ட்வீசரில் பிடித்து ஒட்டினேன். பக்கத்துப் பின்னில் மயிரிழை ஏறினாலும் உரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. கூழைக்கடா ஒன்று தலைக்கு மேலே வந்து மரத்தில் இறங்கியது. ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது, கடைசிவரை நிற்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. கன்வெர்ட்டர் இருப்பது தெரிந்தால் கேமரா லென்ஸ் மோட்டாரின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து நிதானமாகத் தேடும். டேப் ஒட்டினால் அந்த நிதானமும் போய்விடுகிறது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் அதே லென்ஸில் நத்தைகுத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவில் தெரியும் அந்த இடைவெளிகூடத் துல்லியமாக விழுந்தது! எக்ஸ்போஷரில் குழப்பம் இல்லை, லென்ஸ் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தைத்தானே கேமரா அளக்கிறது. படத்தின் விவரத்தில் மட்டும் 400, 5.6 என்றே பதியும்.

டேப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். வெயிலில் பசை இளகி மற்ற பின்களிலும் பரவி, பதினொரு மணிக்கு லென்ஸ் தொடர்புப் பிழை என்று கேமரா நின்றுவிட்டது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ஸில் தொட்டுத் துடைத்த பிறகுதான் உயிர் வந்தது. இப்போதெல்லாம் வீடு திரும்பியதும் முதல் வேலை டேப்பை உரிப்பதுதான்.

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணா, உங்கள் டேப்பையாவது உரித்துவிடலாம். நான் செய்தது திரும்பப் பெற முடியாத வேலை. நிக்கான் டிசி-14இ 2 கன்வெர்ட்டரின் முன்பக்க வளையத்தில் சின்ன நீட்சி ஒன்று இருக்கும். பழைய மேனுவல் லென்ஸ்கள் அதில் ஏறாமல் தடுப்பது அதுதான். என் 300 எம்எம் எஃப் 2.8 மேனுவல் லென்ஸுக்காக அதை அரத்தால் ராவி எடுத்தேன். வளையத்தைத் திருகு கழற்றித் தனியாக எடுத்த பிறகே அரத்தைத் தொடுங்கள். பித்தளைத் தூள் காந்தத்துக்கு வராது, உள்ளே விழுந்தால் விழுந்ததுதான். அப்புறம், அந்த நீட்சி சும்மா வைத்ததல்ல. அது போன பிறகு எந்த லென்ஸும் ஏறிவிடும், பின்கண்ணாடி வெளியே துருத்திய லென்ஸ் என்றால் கண்ணாடியோடு கண்ணாடி மோதும். மாட்டும் முன் இரண்டு பக்க ஆழத்தையும் அளந்து பார்த்தே ஆகவேண்டும். கூந்தன்குளத்தில் இந்த ஜோடியில்தான் வரித்தலை வாத்துகளை எடுத்தேன். ஃபோகஸ் கையால், எக்ஸ்போஷரும் மேனுவலில் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்துத்தான்.

சென்னையிலிருந்து:

நான் மாற்றியது, நிக்கான் லென்ஸை சோனி கேமராவில் மாட்ட வைக்கும் அடாப்டரை. லென்ஸ் மாட்டும் வளையமான மவுன்டிலிருந்து சென்சாருக்கு நிக்கான் எஃப் மவுன்டில் 46.5 மி.மீ., சோனி இ மவுன்டில் 18 மி.மீ. இரண்டுக்கும் உள்ள 28.5 மி.மீ. வித்தியாசத்தை நிரப்பும் வெறும் உலோகக் குழாய்தான் அடாப்டர், கண்ணாடி எதுவும் இல்லை. அதனால் அதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கரணையில் நீர்க்காகம் எடுத்தால் சாம்பல் நிறத்தில் வந்தது. பின்னால் வெள்ளையாக மின்னும் தண்ணீர், பறவை மேல் முழுக்கப் புகை படிந்த மாதிரி. வீட்டில் லென்ஸைக் கழற்றி, அடாப்டருக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு என்று நம்பியிருந்த உள்சுவர் தவலை மாதிரி பளபளத்தது! அதில் பட்டுச் சிதறிய வெளிச்சம்தான் அந்தப் புகை.

மேட்சிங் சென்டரில் கறுப்பு வெல்வெட் வாங்கி உள்ளே ஒட்டினேன். நீர்க்காகம் கறுப்பானது. ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து நூல் உதிர்ந்து சென்சாரில் விழுந்து, வானத்தில் புழு நெளிகிற மாதிரி கோடுகள். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டுப் பசை தடவி வரும் வெல்வெட் தாளை ஒட்டினேன். ஓரங்களில் மட்டும் மங்கல் கறுப்பு பெயின்ட், இரண்டு நாள் காயவிட்டேன். போன ஞாயிறு அதே கரை, அதே எதிர்வெயில். இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது ஒன்று, ஒவ்வொரு இறகின் ஓரமும் தனித்தனியாக எண்ணலாம் போல விழுந்திருக்கிறது.